ஓப்பநாயக்கவில் எழுந்த கேள்வி: எந்தத் துவக்கு நல்லது?

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை நோக்கிச் செல்லும் ஏ-4 வீதியில் பெல்மதுளையைத் தாண்டியதும் வருவது ஓப்பநாயக்க. களனிவெளி ரயில் பாதையின் கடைசி நிலையமாக ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த ஊர். 1976இல் இவ்வூர் வரையான பாதைப் பகுதி கைவிடப்பட்டது. தேயிலையும் இரத்தினக்கல் குழிகளும் சிறு கடைவீதியும்தான் இப்போது அதன் அடையாளங்கள். அண்மையில் அங்கு சென்றிருந்தபோது, பலசரக்குக் கடை நடத்தும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் நாம் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர் என்பதை அறிந்து ஒரு கேள்வியைக் கேட்டார். "சேர், உங்களுக்குக் கொழும்பில் ஆட்களைத் தெரிந்திருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் துவக்கு நல்லது? அதை எப்படி எடுக்கலாம்?" சீனி வாங்க வந்திருந்த தோட்டத்து இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். "நாநாவுக்காவது இரும்புக் கதவு போட்ட கடை இருக்கு. எங்களுக்கு லயத்துக் கதவுதானுங்களே, ஐயா."

இருவரும் விளையாட்டாகப் பேசவில்லை. நாட்டில் துப்பாக்கிச் சத்தம் பழகிப்போய்விட்டது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்தில், நீதிவானின் முன்னிலையிலேயே கணேமுல்ல சஞ்ஜீவ சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி சட்டப் புத்தகமொன்றின் தாள்களைக் குடைந்து அதற்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தலைவர் தமது அலுவலகத்திலேயே சுடப்பட்டார். நீதிமன்றத்திலும் அரச அலுவலகத்திலும் இல்லாத பாதுகாப்பு ஓப்பநாயக்கவின் ஒரு கடைக்கு எங்கிருந்து வரும் என்று அந்தப் பெரியவர் நினைத்தால் அவரைக் குறை கூற இயலாது.

இப்பகுதி மக்களின் அச்சத்துக்கு அண்மைக் காரணங்களும் உண்டு. அயலிலுள்ள கஹவத்தை, கொட்டகெத்தனவில் 2008 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொலை செய்யப்பட்டனர். அவர்களது எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டியது. தாயும் மகளும் ஒரே வீட்டில் கொல்லப்பட்டதும் உண்டு. இரவில் தனியே இருந்த முதிய பெண்களே பலர். அந்நாட்களில் இருட்டும் முன்னரே கதவைத் தாழிட்ட வீடுகளில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு இருக்கவில்லை. அதே கஹவத்தையில் 2015 ஜனவரி 5ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் கூட்டத்துக்கு மேடை அமைத்துக்கொண்டிருந்தவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடத்தப்பட்டு ஒருவர் உயிரிழந்தார்.

ஆகவே கடைக்காரரின் கேள்விக்கு நேர்மையான விடை தரவேண்டிய கடமை நமக்கு உண்டு. "பயப்படாதீர்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு கொழும்புக்கு பஸ் ஏறுவது விடையாகாது.

முதலில் சட்டம். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையன்று, அனுமதி மட்டுமே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இதை ஒழுங்குபடுத்துகின்றன. அனுமதிக்கு இரண்டு வாசல்கள் உள்ளன. பயிர்ப் பாதுகாப்புக்கான 12 துளை சொட்கனுக்கு மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தனிப்பட்ட உயிர்ப் பாதுகாப்புக்கான ஆயுதத்துக்குப் பாதுகாப்பு அமைச்சை நாட வேண்டும். இரண்டையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எவ்வகையிலும் இடமில்லை. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின்படி ரி-56 போன்ற ஒன்றை உடைமையில் வைத்திருந்தமைக்காக மட்டுமே ஆயுள் தண்டனை பெற்றவர்கள் சிறைகளில் உள்ளனர்.

இந்த வாசல்களில் நமது இருவரையும் நிறுத்திப் பார்ப்போம். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு கோருபவர் முதலில் காட்ட வேண்டியது காணி. கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் பொலிஸ் அறிக்கையும் அதன் பின்னரே வருகின்றன. இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் பயிர் வளர்த்தவர்களின் பேரர்களுக்கு உறுதிப்பத்திரத்துடன் கூடிய ஒரு துண்டு நிலம் இன்னும் பெரும்பாலும் கனவே. ஏழு பேர்ச்சஸ் என்றார்கள், பின்னர் பத்துப் பேர்ச்சஸ் என்றார்கள். தோட்டத்தில் துவக்கு இருந்தால் அது பங்களாவில் இருக்கும், லயத்தில் இராது. காட்டுப் பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் மாத்திரம் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரு இடத்துக்கும் வருகின்றன. (குரங்குகளை எண்ண 2025 மார்ச் 15ஆம் திகதி அரசாங்கம் நாடு முழுவதையும் ஐந்து நிமிடம் வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம்.) சட்டபூர்வமான வழி மூடியிருக்கும் இடத்தில் கட்டுத்துவக்கு முளைக்கிறது. பன்றிக்குக் கட்டிய அந்தப் பொறியில், விடியற்காலையில் விறகுக்குப் போனவர் காலை இழந்த கதை சப்ரகமுவத் தோட்டங்களுக்குப் புதிதல்ல.

உயிர்ப் பாதுகாப்புக்கான இரண்டாவது வாசல் பாதுகாப்பு அமைச்சில் உள்ளது. அரசியல்வாதிகள், பெருவர்த்தகர்கள், செல்வாக்குள்ளவர்கள் அதன் வழியே சென்றது ஊரறிந்த விடயம். தனிநபர் பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகள் அனைத்தையும் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் வெலிசறையிலுள்ள கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. பலர் முணுமுணுத்தனர். எமது கருத்தில் அது சரியான நடவடிக்கையே. ஆனால் மீளாய்வில் எவருக்கு, எந்த அடிப்படையில் துப்பாக்கி மீள வழங்கப்படுகிறது என்பதை மாவட்ட வாரியாகப் பகிரங்கப்படுத்தினாலன்றி, பழைய செல்வாக்கின் இடத்தில் புதிய செல்வாக்கு வந்து அமர்ந்துகொள்ளும்.

துவக்கின் வகைக்கு வருவோம். அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு நூல்களிலும் தளங்களிலும் இவ்விடயம் பற்றி மலைபோல் ஆலோசனைகள் குவிந்துள்ளன. சொட்கனின் ரவை பரந்து செல்வதால் குறி தவறாது என்பர் சிலர். கைத்துப்பாக்கி எடுக்க எளிது என்பர் வேறு சிலர். அவை பெரும்பாலும் தனிக்காணியில், தனித்தனி அறைகளும் இரும்புப் பெட்டியும் உள்ள வீட்டில் வாழும் அமெரிக்கரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நமது இளைஞரின் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறை. முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் வாசலும் ஒன்றே, வழியும் ஒன்றே. பல இடங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அப்பால் அடுத்த குடும்பத்தின் தொட்டில் ஆடுகிறது. அந்த அறைக்குள் வெடிக்கும் எந்தத் தோட்டாவும் திருடனோடு நின்றுவிடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க இடமுமில்லை. பூட்டி வைத்தால் நள்ளிரவில் அது உதவப்போவதில்லை. பூட்டாமல் வைத்தால் பகல் முழுவதும் அது வீட்டுக்கு ஆபத்து. கடைக்காரரின் நிலை சற்று மேல். ஆயினும் அவரது வீடும் கடையின் பின்புறமே, பேரப்பிள்ளைகள் நால்வர்.

பயிர் செய்யும் காணியும் முறையான அனுமதியும் உள்ளவர் ஒற்றைக் குழல் சொட்கன் ஒன்றை வைத்திருப்பதை நாம் குறை கூறவில்லை. அவர் துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் பூட்டி வைக்க வேண்டும். புதுப்பிக்கும் திகதியைத் தவறவிடக் கூடாது, இரவல் கொடுக்கவே கூடாது. அம்பை ஏந்திப் பள்ளிவாசலுக்குள்ளோ சந்தைக்குள்ளோ செல்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என நபிகளார் கட்டளையிட்டதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். ஆயுதத்தின் முதற்கடமை அயலவர் மேல் படாதிருப்பது என்ற அந்த அறிவுரை சொட்கனுக்கும் பொருந்தும். ஆனால் அது பன்றிக்கான துவக்கு. மனிதரிடமிருந்து காக்கும் துவக்கு என்ற எண்ணமே இங்கு பிழைக்கிறது என்பது எமது வாதம். அதற்கு வேறு நாட்டின் சான்று தேவையில்லை, சப்ரகமுவவின் சொந்த வரலாறே போதும்.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் கேகாலை மாவட்டம் முன்னணியில் இருந்தது. கிளர்ச்சியாளர்களிடம் ஆயுதம் போதவில்லை. அவர்கள் நாடிச் சென்றது அனுமதி பெற்ற சொட்கன்கள் இருந்த வீடுகளையே. எந்த வீட்டில் துவக்கு உண்டு என்பது கிராமத்தில் எவருக்கும் தெரியாத இரகசியமல்லவே. 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியிலும் இதே கதை நடந்தது. இரவில் வந்தவர்கள் முதலில் கேட்டது பணத்தையல்ல, துவக்கை. கொடுத்தவர் மறுநாள் படையினருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கொடுக்க மறுத்தவருக்கு மறுநாளே இல்லாமற் போனதும் உண்டு. காவலுக்கென வாங்கிய பொருள் வீட்டைத் தேடி ஆட்களை வரவழைத்தது. அன்று துவக்குகளைத் திரட்டிய இயக்கம் இன்று அரசாங்கத்தின் பிரதான கட்சியாக அமர்ந்து துவக்குகளைக் களஞ்சியத்தில் சேர்ப்பது வரலாற்றின் ஒரு விசித்திரம். துவக்கு எந்தெந்தக் கைகளுக்குப் போகும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் யார்?

"கூட்டமாக வந்து தாக்கினால் என்ன செய்வது?" என்று கேட்கலாம். தமிழ், முஸ்லிம் மக்களின் மனதில் உண்மையில் கிடப்பது திருடன் பற்றிய பயமன்று, இந்தப் பயமே. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் காட்டிலும் தேயிலை மலைகளிலும் ஒளிந்து, பின்னர் வவுனியா வரை சென்றனர். 1983இல் அது மீண்டும் நடந்தது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதத்தில் மினுவாங்கொடை என முஸ்லிம் மக்களின் முறையும் வந்தது. இவற்றில் எங்கேனும் ஒரு வீட்டில் ஒரு சொட்கன் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? முன்னூறு பேர் நிற்கும் இடத்தில் ஒற்றைக் குழலின் ஒரு வெடி என்ன செய்யும் என்பதற்கு 2022 மே 9ஆம் திகதி நிட்டம்புவையில் நிகழ்ந்ததை நினைவுகூரலாம். பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவின் வாகனத்தை மக்கள் மறித்தபோது துப்பாக்கி வெடித்தது, சிலர் காயமடைந்தனர். அதன் பின் சில மணி நேரத்துக்குள் அவரும், பயிற்சி பெற்ற அவரது மெய்ப்பாதுகாவலரும் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆயினும் கூட்டத்தின் முன் வெடிக்கும் துப்பாக்கி கூட்டத்தைக் கலைப்பதில்லை, வெறியூட்டுகிறது என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாசிக்கும் இப்பக்கத்தில் கிழக்கின் அனுபவத்தைத் தவிர்த்துவிட்டுப் போவது கோழைத்தனம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அடுத்த சில நாட்களில் ஏறாவூர். இதன் பின் முஸ்லிம் கிராமங்கள் ஆயுதம் கேட்டதில் என்ன தவறு? அரசு ஊர்காவல் படைக்குத் துப்பாக்கிகளை வழங்கியது. 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் மீண்டும் முஸ்லிம் குடும்பங்களைக் கொன்று குவித்தபோது அந்தத் துப்பாக்கிகளால் அதைத் தடுக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் அவை வேறு திசையில் திரும்பின. அயலிலிருந்த முத்துக்கல், கரபொல ஆகிய தமிழ்க் கிராமங்களில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். ஒரே நாளில் இரு தரப்பிலுமாக நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. காப்பதற்கென்று கொடுக்கப்பட்ட ஆயுதத்தால் காக்க இயலவில்லை, பழிவாங்கத்தான் முடிந்தது. ஓப்பநாயக்கவில் நாநாவும் தோட்டத்து இளைஞரும் ஒரே கடை வாசலில் நின்று பேசுகிறார்கள். இந்த நிலை கிழக்கின் சில ஊர்களில் மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நடந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் வாள்கள் கண்டெடுக்கப்பட்டதாகத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களுக்கு அறிவித்தனர். திகனவுக்குப் பின் அச்சத்தில் வாங்கி வைத்தவை அவற்றில் எத்தனை, பற்றை வெட்டும் கத்தி எத்தனை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அந்நாட்களில் எவருக்கும் இருக்கவில்லை. கப்பல் சுக்கானின் படம் அச்சிட்ட உடையைத் தர்மச்சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்து சிறையில் வைத்த காலம் அது. சட்டைத் துணியே சாட்சியமாகும் போது துவக்கு என்னவாகும்? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பல ஆண்டுகள் உள்ளே கிடந்த தமிழ் இளைஞர்களின் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறுபான்மையினர் வீட்டில் ஆயுதம், அனுமதிப்பத்திரத்துடன் இருந்தாலும், அமைதிக் காலத்தில் மட்டுமே தற்காப்புப் பொருள். அது தேவைப்படும் எனக் கருதி வாங்கிய அந்த நாளிலேயே அது சந்தேகப் பொருளாகிவிடுகிறது.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இல்லாமலில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையை எவருக்கும் அளிக்கின்றன. ஆயினும் தேவைக்கு மேல் தீங்கு செய்தலாகாது, பொலிஸாரை நாட அவகாசம் இருந்தால் அவ்வுரிமை எழாது. இவற்றை நீதிமன்றத்தில் நிறுவுவதற்குச் செலவும் ஆண்டுகளும் தேவை.

வீட்டுக்குள்ளிருந்தே வரும் ஆபத்தையும் மறந்துவிடலாகாது. அமெரிக்காவின் மூன்று மாவட்டங்களில் ஆர்தர் கெலர்மன் குழுவினர் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு 2.7 மடங்கு அதிகம் எனவும், கொலை செய்தவர் பெரும்பாலும் குடும்பத்தவரோ அறிமுகமானவரோ எனவும் கண்டறியப்பட்டது. அதன் முறைமை பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. நமக்கு நமது நாட்டுச் சான்றே இருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேரில் 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். கொடிய கிருமிநாசினிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்ட பின், அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. குடும்பச் சண்டையும் கடனும் அதற்குள் ஒழிந்துவிடவில்லை. கோபமோ விரக்தியோ உச்சத்துக்கு ஏறும் அந்த அரை மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானித்தது. கிருமிநாசினிப் போத்தலை வீட்டிலிருந்து அகற்ற இத்தனை பாடுபட்ட தோட்டச் சமூகம் அதன் இடத்தில் துவக்கைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமா?

அப்படியானால் அவசரநிலைக்கு ஆயத்தம் என்பது யாது? இப்பகுதியில் பல உயிர்களைக் கொண்டுபோன எதிரி மலைதான். 2003 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் தென்மேற்கில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர், இரத்தினபுரியே மோசமாகப் பாதிக்கப்பட்டது. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. ஒரு துவக்கின் விலையில் ஒரு லயத்துக்கே மின்கலத்தில் இயங்கும் விளக்குகளும், மழைமானியும், ஒலிபெருக்கியும் வாங்கலாம். விளக்கும் ஒலிபெருக்கியும் கொள்ளையர் வரும் இரவிலும் கூட்டம் திரளும் இரவிலும் பயன்படும்.

1981லும் 1983லும் இப்பகுதியில் உயிர் தப்பியவர்களிடம் கேட்டால், கதவைத் திறந்து உள்ளே ஒளித்து வைத்த ஒரு சிங்களக் குடும்பத்தைப் பற்றி அநேகமாகக் கேள்விப்படலாம். இது எல்லா இடத்திலும் நடந்ததல்ல, அதை நம்பி மட்டும் இருக்கவும் முடியாது. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகம், தோட்டத்துக் கோயில் கமிட்டி, கிராமத்து விகாரை ஆகியவற்றுக்கிடையே தொலைபேசி இலக்கங்கள் பரிமாறப்பட்டிருப்பதும், வதந்தி எழுந்த அரை மணிக்குள் மூவரும் ஒன்றாகச் சந்தியில் வந்து நிற்பதும், வாய்ப்புக்கு விட்டதை ஏற்பாடாக மாற்றும். திகனவில் வதந்தி பரவிய வேகத்துக்குப் பொலிஸாரும் ஈடுகொடுக்கவில்லை, சமூகத் தலைவர்களும் ஈடுகொடுக்கவில்லை.

அரசாங்கத்தின் பங்கும் சிறிதன்று. மக்களிடமிருந்து துவக்கை விலக்கி வைக்கும் அரசு, அவர்களைக் காக்கும் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறது. 1981 தொடக்கம் 2019 வரை லயத்தையும் கடையையும் எரித்தவர்களில் எத்தனை பேர் தண்டனை அனுபவித்தனர் என்று கேட்டால் கிடைக்கும் விடையே, ஓப்பநாயக்கவில் அந்தப் பெரியவரைத் துவக்கு பற்றி விசாரிக்க வைத்தது.

அவருக்கு இவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். மறுத்துப் பேசவில்லை. கடை ஒருமுறை உடைக்கப்பட்டபோது தாம் செய்த முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது, என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே கையொப்பமிட்டேன் என்றார். சீனிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்ட இளைஞர் வாசலில் நின்று, தங்கள் மேற்பிரிவில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடையாது, 119க்கு அழைப்பதென்றால் பக்டரி வளைவு வரை இருட்டில் இறங்க வேண்டும், இறங்கினால் கால் மணி நேரம் என்றார்.